நாற்பது கதவுகளின் அளவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் வழக்கம்போல் வார்த்தையை மாற்றிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

இங்கே மழை விட்டுவிட்டது. முழங்கால் வலி பரவாயில்லை. தொழில்தான் போய்விட்டது.

கதவு செய்யும் தச்சரையும் வீடு கட்டும் ஒப்பந்தக்காரரையும் ஒன்பது வருடம் நேரில் பார்த்துக்கொள்ள விடாமல் வைத்திருந்தேன். நான் நடுவில் இருந்தால்தானே எனக்குப் பிழைப்பு? போன மாதம் நாற்பது கதவுக்கு ஆர்டர். கொடுத்த அளவு நிலைச்சட்டத்தோடு சேர்த்தா, கதவுக்கு மட்டுமா என்று தச்சர் கேட்டார். ஒப்பந்தக்காரரிடம் கேட்டால், "அவரு நம்பரைக் குடுங்க, நானே பேசிக்கிறேன்" என்பாரோ என்று பயம். நிலையோடு சேர்த்துத்தான் என்று நானாகவே சொல்லிவிட்டேன். அது கதவுக்கு மட்டுமான அளவு. தச்சர் சட்டத்துக்குக் கழித்துச் செய்ததில், நாற்பதும் நான்கு அங்குலம் குறைவாக வந்து இறங்கின.

இருவரும் கட்டடத்துக்கு வந்தார்கள். அடிதடி ஆகும் என்று நினைத்தேன். அடுத்த கட்டடத்துக் குளியலறைகளுக்கு அந்தக் கதவுகளை வைத்துக்கொள்ளலாம் என்று இருபது நிமிடத்தில் பேசி முடித்தார்கள். பிறகு தச்சர் என்னிடம், "ஏண்ணே, இவரைப் போயா கடுகடு ஆளுன்னீங்க?" என்றார். "உங்களைப் பத்தி என்ன சொன்னாருன்னு நெனைக்கிறீங்க? வாயத் தொறந்தா சண்டையாம்!" என்று தச்சரிடம் சொன்னார் ஒப்பந்தக்காரர். சிரித்தபடியே டீ குடிக்கப் போனார்கள். என்னைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். கோபித்துத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பதினோரு நாளாக உன்னைத் தவிர யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. யோசிக்க நேரம் கிடைத்தது.

நீ அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு போன பிறகு, அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று உன்னிடம் இரண்டு வருடமாகச் சொல்லிவந்தேன். பொய். மூன்றாம் மாதமே, "அவ குரலையாவது கேக்கணுங்க" என்றாள். நீ பேசமாட்டேன் என்கிறாய் என்று அவளிடம் சொன்னேன். அதில் எனக்கு என்ன லாபம் என்று கேட்பாய். நீங்கள் இருவரும் என்னைத் தேடினீர்கள், அவ்வளவுதான்.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதிலிருந்து அவள் என்னுடன் பேசவில்லை. தனியாக ஒரு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எண் கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது. காலை பதினோரு மணிக்கு வேலை முடித்து ஜன்னலோரம் உட்காருவாள். அந்த நேரம் நான் வெளியே போய்விடுகிறேன். என்ன பேசினீர்கள் என்று கேட்கமாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் மகளே. பேசி முடித்து மனசு வந்தால், அப்பா சாப்பிட்டாரா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேள்.

உன் அப்பா