நாலாவது கட்டம்

என் மூத்த மகளுக்கு,

உன் அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சின்னவளும் சுகம், வேனும் சுகம், அதன் பிரேக் மட்டும் கொஞ்ச நாளாக என்னை மாதிரியே கத்திக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் வண்டியைக் கிளப்பும்போது நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். இரண்டு காரணம். இதனுடன் வைத்திருக்கும் தாளைப் போனில் படம் எடுத்து அனுப்பினால் செல்லாதாம். இன்னொன்று, போனில் நான் ஆரம்பித்தால் பாதியிலேயே போதும்மா என்று வைத்துவிடுவாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. தாளை இப்போதே பிரிக்காதே, கொஞ்சம் பொறு.

அப்பா ஒரு பல் மருத்துவமனையில் டைல்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறார். முழங்கால் வலி என்கிறார், முட்டிக்கு உறை வாங்கிக் கொடுத்தால் போட மாட்டேன் என்கிறார், அது அலமாரியில் சுகமாகத் தூங்குகிறது. நீயும் அவர் பெண்தானே, கழுத்து வலி என்று போன மாதம் சொன்னாய், தலையணையை மாற்றினாயா இல்லையா? நாள் முழுக்கக் குனிந்து வரைபடம் போடுகிறவள் கழுத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா? சரி, திட்டுவதற்கு இந்தக் காகிதம் போதாது, விஷயத்துக்கு வருகிறேன்.

சின்னவள் பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாள் அல்லவா, எந்தக் கணக்குப் படிக்கப் போகிறாய் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்துவிட்டார்கள். உனக்குத் தெரிந்த அதே தாள்தான், அதே நாலு கட்டம். பொதுக் கணிதம், வணிகக் கணிதம், புள்ளியியல், உயர் கணிதம். இவள் நேராக நாலாவது கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள். அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். ஓடுகிற வண்டியின் வேகம் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு மாறுகிறது என்று கண்டுபிடிக்கலாமாம். அதைக் காட்டத்தான் வண்டியிலேயே முள் இருக்கிறதே என்றேன். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மறுநாள் தலைமையாசிரியை சொல்லிவிட்டார், எட்டுப் பேர் சேர்ந்தால்தான் அந்த வகுப்பு, ஒரு ஆள் குறைந்தாலும் கிடையாது. சேர்ந்திருந்ததோ நாலு பேர். இவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

எனக்கு எங்கிருந்துதான் வேகம் வந்ததோ தெரியவில்லை, ஆள் பிடிக்கக் கிளம்பிவிட்டேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்கு இதில் ஒரு வசதி உண்டு, பிள்ளைகள் தினமும் நாற்பது நிமிடம் என் கையில் மாட்டிக்கொள்கிறார்கள், ஓடுகிற வண்டியிலிருந்து எங்கே போவார்கள்? முதலில் மருந்துக்கடைக்காரர் மகளிடம் பேசினேன். யோசிக்கிறேன் ஆன்ட்டி என்று இழுத்தாள். சேர்ந்தால் முன் சீட்டு உனக்குத்தான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்த நிமிடமே சரி என்றுவிட்டாள். இது நல்ல வழியாக இருக்கிறதே என்று நம் வண்டியில் வரும் இரட்டையர்களில் பெரியவனிடமும் அதையே சொன்னேன், அவன் சரி என்றான். அவனுக்குத் தெரியாமல் சிறியவனிடமும் சொன்னேன், அவனும் சரி என்றான். ஏழு பேர் ஆகிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் மூன்று பேரும் ஒரே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், இவர்களுக்கு முன்னாலேயே வீட்டிலிருந்து வந்த உன் தங்கை உள்ளே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் அசடு வழிய நின்றேன். சண்டை பள்ளிக்கூட வாசல்வரை வந்து, கணக்கு வாத்தியார் காதுக்கும் போய்விட்டது. உனக்கு அவரைத் தெரியும், சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூளாக இருப்பாரே, நீங்கள் சாக்பீஸ் என்று கூப்பிடுவீர்கள், அவரேதான். மனிதர் கோபப்படவே இல்லை. நாலு பேர், நாலு நாள், முன் சீட்டில் ஆளுக்கு ஒரு நாள், எத்தனை விதமாக உட்கார வைக்கலாம் என்று அவர்களையே கேட்டிருக்கிறார். இருபத்து நாலாம். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் எழுதி என் கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவிட்டார்கள். திங்கள் முதல் வியாழன் வரை ஆள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் காலி.

அந்தக் காலியிடத்தைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டியபோதுதான் உன் ஞாபகம் வந்தது. பொய் சொல்வானேன், ஞாபகம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது, நான்தான் வேறு பேச்சுப் பேசி ஒதுக்கிக்கொண்டிருந்தேன். எட்டு வருடத்துக்கு முன் நீயும் நாலாவது கட்டத்தில் டிக் போட்டுத்தான் கொண்டுவந்தாய். அன்றைக்கும் ஆள் சேரவில்லை, மூன்றே பேர். மூணு பேருக்காக யாரு வகுப்பு நடத்துவாங்க, இருக்கிறதுல ஒண்ண எடு என்று சொல்லி, அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டதென்று வண்டியின் முன்பக்கத்திலேயே தாளை வைத்து, உன் டிக்கை நானே அடித்துவிட்டு இரண்டாவது கட்டத்தில் போட்டேன். தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து வாய் மூடாமல் பேசுகிறவள், அன்றைக்குப் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தாய். பள்ளிக்கூடம் முடிகிறவரை அங்கேதான் உட்கார்ந்தாய். பெரிய பெண்ணாகிவிட்டாள், தோழிகளோடு உட்காருகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்காக ஒரு பிள்ளையிடமும் நான் பேசவில்லை. அன்றைக்கும் இதே வண்டிதான், அதே நாற்பது நிமிடம்தான். தப்பு என்னுடையதுதான், கண்ணு.

போன மாதம் போனில் நீ ஒன்று சொன்னாய். "அந்தக் கணக்கு படிச்சிருந்தா நானும் கருவியத் தூக்கிக்கிட்டு வெளிய போய் நிலம் அளந்திருப்பேன், இப்ப அவங்க அளந்துட்டு வர்றத உக்காந்து வரையறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாய், நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை வாத்தியாரிடம் சொன்னேன், எட்டாவது ஆளுக்கு எங்கே போவது என்று அவரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்த நேரம். பழைய விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அந்தப் பள்ளியில் படித்து முடித்தவர்கள் பத்து வருடத்துக்குள் விட்டுப்போன பாடத்தை வெளி மாணவராகப் படிக்கலாமாம், எண்ணிக்கையிலும் சேருமாம். சனிக்கிழமை காலையில் கணினி வழியாக வகுப்பு, தேர்வுக்கு மட்டும் நேரில் வர வேண்டும். தலைமையாசிரியையும் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுச் செல்லும் என்று சொல்லிவிட்டார். உங்கள் அலுவலகத்தில் நிலம் அளக்கும் பயிற்சிக்குக் கேட்பது இந்தச் சான்றிதழைத்தான் என்று நீயே சொன்னாய்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், மூத்தவளைச் சேர்த்துவிடுகிறேன், அப்புறம் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அவர் அதிகம் பேச மாட்டார், உனக்குத்தான் தெரியுமே. கையிலிருந்த சிமெண்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு அவ நம்மகிட்ட கேட்டா. இன்னைக்கு நாம அவகிட்ட கேக்கணும்." அதனால்தான் பேனாவை எடுத்து இதை எழுத உட்கார்ந்தேன்.

இப்போது தாளைப் பிரி. உன் பெயர், பிறந்த தேதி, பள்ளியில் படித்த வருடம் எல்லாம் நான் எழுதிவிட்டேன், என் கோழிக்கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்காதே. கட்டத்தில் மட்டும் கை வைக்கவில்லை. சின்னவளுக்காகப் போடாதே. அவளுக்கு இந்தக் கடிதமே தெரியாது, வாத்தியாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம், அவளுக்கு வேறு ஆள் பிடிப்பது என் பாடு, பேசத்தான் எனக்கு வாய் இருக்கிறதே. வேண்டும் என்று உனக்கே தோன்றினால் மட்டும் போடு. தேர்வைச் சாக்கு வைத்து ஊருக்கு வருவாயே என்ற ஆசை எனக்கு உண்டு, அதையும் கணக்கில் சேர்க்காதே.

இன்று ஆறாம் தேதி. கடிதம் வந்து சேர எட்டு நாள், திரும்பி வர எட்டு நாள், முப்பதாம் தேதிக்குள் தாள் தலைமையாசிரியை கையில் இருக்க வேண்டும். அப்படியென்றால் யோசிக்க உனக்கு ஒரு வாரம் முழுசாக இருக்கிறது. பின்பக்கமும் கையெழுத்துப் போட வேண்டும், மறந்துவிடாதே, தலையணையையும் மாற்று. நீ எதைத் தேர்ந்தெடுத்தாலும் நன்றாக இருப்பாய், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உன்னோடு இருக்கும்.

இரட்டையர்கள் இரண்டு பேரும் வெள்ளிக்கிழமையைக் கேட்டு என்னை நச்சரிக்கிறார்கள். நான் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை முன் சீட்டில் என் பையை வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன். நீ வந்தால் எடுத்துவிடுவேன்.

வழி பார்த்திருக்கும்,
உன் அம்மா