கல்லில் இரண்டாவது பெயர்

அன்பு மருமகளுக்கு அத்தை எழுதிக்கொள்வது.

வேளைக்குச் சாப்பிடுகிறேன், மாத்திரையும் போட்டுக்கொள்கிறேன். நீ முதலில் அதைத்தான் தேடுவாய் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். கால் வீக்கம் வற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பெரிய மெஷின் ஒன்று மறுபடியும் மக்கர் பண்ணுகிறது, அதனால் எங்கள் சலவைப் பிரிவில் எல்லாருக்கும் வேலை இரட்டிப்பு. அது கிடக்கட்டும். உனக்கு லேபில் டியூட்டி மாற்றிக் கொடுத்தார்களா? அந்த இருமல் நின்றதா?

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ குறுக்கே பேசுவாய். பிறகு இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வைத்துவிடுவோம். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது பார். ஐந்தாவதோடு நிறுத்தினவள் எழுத்து கோழி கிளறினது மாதிரிதான் இருக்கும். பொறுமையாகப் படி.

கல்லறைக் கல் வெட்டுகிறவர் முந்தாநாள் வந்துபோனார். நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "அவர் பேருக்குக் கீழ என் பேரையும் வெட்டச் சொல்லுங்க அத்தை, தேதிக்கு மட்டும் இடம் விடச் சொல்லுங்க" என்றாய். அவன் பக்கத்தில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது, அது உனக்குத்தான் என்றாய். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோயிலில் நாலு பேரிடம் சொல்லிக்கூட வந்தேன். "பொண்டாட்டின்னா இப்படில்ல இருக்கணும்" என்று அவர்களும் தலையை ஆட்டினார்கள். கல்காரரிடம் நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் புனிதப் பயணத்தைச் சொன்னால்தான் அது உனக்குப் புரியும். நீதானே போய்வாருங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாய். அவன் எனக்கும் தனக்குமாகப் பதிவு செய்து வைத்தது வீணாகப் போக வேண்டாம் என்றாய்.

பேருந்து நன்றாகத்தான் இருந்தது. எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். தொண்டை கட்டிக்கொண்டு, வாயில் எப்போதும் ஒரு மிட்டாயோடு பேசுவாள். எல்லா வழிகாட்டியும் கொடி பிடிப்பார்களாம், இவள் பழைய பேட்மின்டன் மட்டையில் சிவப்புத் துணியைக் கட்டித் தூக்கிப் பிடித்திருந்தாள். கொடி காணாமல் போய்விட்டதாம். நாங்கள் எல்லாரும் மட்டைக்காரி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம், அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு இருக்கையிலும் பெயர் ஒட்டியிருந்தார்கள். எனக்கு ஜன்னல் ஓரம். பக்கத்து இருக்கையில் அவன் பெயர் ஒட்டியிருந்தது. நீ அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னது எனக்குத் தெரியும். அவர்களும் சரி என்றிருக்கிறார்கள், ஆனால் ஒட்டுகிற ஆளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் அந்தக் காகிதத்தைக் கிழிக்கவில்லை. பின்னால் ஒரு பேக்கரிக்காரம்மா உட்கார்ந்திருந்தார், மலை மாதிரி மூன்று பை வைத்திருந்தார். "இங்க யாரும் இல்லைன்னா என் பையை வச்சுக்கவா?" என்று கேட்டார். நான் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

முதலில் போனது ஒரு பழைய விளையாட்டு அரங்கம். வேதத்துக்காக முதல் காலத்துக் கிறிஸ்தவர்களை மிருகங்களுக்கு முன்னால் விட்டார்கள் என்று மட்டைக்காரி சொன்னாள். மேலே எல்லாம் இடிந்து கிடக்கிறது. தரைக்குக் கீழேதான் பார்க்க வேண்டும். மிருகத்தைக் கூண்டோடு மேலே ஏற்றுவதற்குக் கிணறு மாதிரிக் குழி வெட்டி, கயிறும் உருளையும் மாட்டியிருந்தார்களாம். அந்தக் காலத்து லிஃப்ட்! கயிறு உரசி உரசிக் கல்லில் பள்ளம் விழுந்திருக்கிறது, அதில் விரலை வைத்துப் பார்த்தேன். உன் வீட்டுக்காரன் இருந்திருந்தால் அந்தக் குழிக்குள் இறங்கிவிட்டிருப்பான், சட்டையெல்லாம் மண்ணோடு ஏறி வந்து உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைத்தவன் கடைசியில் மாடிப்படியில் உட்கார்ந்து உயிரை விட்டானே என்று அங்கேதான் நினைத்தேன். ஆனால் அழவில்லை.

திரும்பிப் பேருந்தில் ஏறினோம். மட்டைக்காரி தலைகளை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். "ஒரு ஆள் குறையுதே" என்றாள். காலையில் பெயர் பார்க்கும்போது நான் ஆள் இருக்கிறது என்று சொன்னதைக் கேட்டு அவனையும் வந்ததாகக் குறித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அப்போதே புரிந்தது. வாயைத் திறக்க வேண்டியதுதானே? திறக்கவில்லை.

வண்டி நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். வெயில் ஜன்னல் வழியாக எல்லார் மடியிலும் விழுந்தது. "எந்த மகராசன்யா அவன், ஊரே காத்துக்கிடக்குது?" என்று ஒருவர் கேட்டார். "பாத்ரூம்ல குடித்தனம் பண்றானா?" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். சபைப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார், அவர் "இந்தக் காலத்துப் பசங்களுக்கு நேரம்னா என்னன்னு தெரியுமா?" என்று பிரசங்கமே செய்தார். எனக்குக் கோபம் வர வேண்டும் இல்லையா? வரவில்லை. செத்துப்போனதிலிருந்து அவனை யாருமே திட்டவில்லை. நல்லவன், தங்கமானவன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர்கள்தான் உயிரோடு இருக்கிறவனைத் திட்டுகிற மாதிரித் திட்டினார்கள். கல்யாணத்தன்றே நேரத்துக்கு வராதவன்தானே அவன். நீ வாசலில் நின்று கத்துவாயே, அது ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மட்டைக்காரி தன் பேப்பரில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். என் கைப்பைக்குள் மணி அடித்தது.

அவன் போனை நான்தான் வைத்திருக்கிறேன், உன்னிடம் சொன்னதில்லை. சார்ஜ் போட்டு வைக்கிறேன், பணமும் போட்டு வைக்கிறேன். பேருந்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பாட்டு, அவன் வைத்திருந்தானே, அது முழுசாக அடித்து ஓய்ந்தது. நான் எழுந்து நின்றேன். "என் மகன்தான். அவன் வரமாட்டான். வண்டியை எடுங்க" என்றேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மட்டைக்காரி முகம் வெளிறிவிட்டது. "அம்மா, எனக்குத் தெரியாதும்மா" என்று என் கையைப் பிடித்தாள். "உனக்கு எப்படித் தெரியும் பாப்பா, நான்தானே ஆள் இருக்குன்னு சொன்னேன்" என்றேன். பேக்கரிக்காரம்மா எழுந்து வந்து அவன் இருக்கையில் உட்கார்ந்தார். மூன்று பையையும் மடியிலேயே வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு ஒரு பன்னைப் பிட்டுப் பாதியை என்னிடம் நீட்டினார். "நேரத்துக்கு வராத புள்ளைங்கதான் வீட்டைக் கலகலன்னு வச்சிருக்கும்" என்றார். அவர் அந்தப் பயணம் முடியும்வரை அந்த இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. குறட்டை மட்டும் கொஞ்சம் அதிகம்.

மறுநாள் ஒரு பழைய ஞானஸ்நானத் தொட்டி பார்த்தோம். தரையில் சிலுவை மாதிரி வெட்டி, ஒரு பக்கம் இறங்கப் படி, எதிர்ப்பக்கம் ஏறப் படி. இறங்கின படியிலேயே திரும்பி ஏறக் கூடாதாம், அந்தப் பக்கமாகத்தான் வெளியே வர வேண்டுமாம். எனக்கு அழுக்குத் தண்ணீரை எப்படி வெளியேற்றினார்கள் என்பதுதான் யோசனை. கேட்டேன். மட்டைக்காரி சிரித்துவிட்டு மூலையில் இருந்த ஓட்டையைக் காட்டினாள்.

அதற்குப் பிறகுதான் பூமிக்கடியில் கல்லறைகள். முதல் காலத்துக் கிறிஸ்தவர்களை வைத்த இடம். குறுகலான பாதை, இரண்டு பக்கச் சுவரிலும் மேலும் கீழுமாகப் பொந்து பொந்தாக வெட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் நாங்கள் மடித்த விரிப்புகளை அடுக்கி வைப்போமே, அந்த அலமாரி மாதிரியே இருந்தது. சில்லென்று ஈரக்காற்று. நீ சொன்னபடி மெழுகுவர்த்தி ஏற்ற அங்கே விடவில்லை, வெளியே வந்து ஏற்றினேன். உன் பெயரிலும் ஒன்று ஏற்றினேன்.

ஒரு பொந்துக்கு முன்னால் மட்டைக்காரி நின்றாள். "இது ரெண்டு பேருக்குன்னு சேர்த்து வெட்டின இடம். கல்லுல புருஷன் பேரு இருக்கு, வயசு இருக்கு. கீழ பொண்டாட்டி பேரு, வயசுக்கு மட்டும் இடம் விட்டிருக்கு பாருங்க. கடைசிவரைக்கும் அதை யாரும் எழுதல. திறந்து பார்த்தப்ப ஒரு ஆளோட எலும்புதான் இருந்துச்சு" என்றாள்.

நீ சொன்னதை அப்படியே கல்லில் பார்க்கிற மாதிரி இருந்தது. "ஐயோ பாவம், எந்த ஊர்ல அநாதையா செத்தாளோ" என்று யாரோ உச்சுக்கொட்டினார்கள். பேக்கரிக்காரம்மா மட்டும், "ஏன் அநாதையா சாகணும்? வேற ஒருத்தனைக் கட்டிக்கிட்டு, புள்ளை குட்டி பெத்து, நல்லா வாழ்ந்து செத்திருப்பா" என்றார். சபைப் பெரியவர், "புண்ணிய இடத்துல என்னம்மா பேச்சு இது" என்று அதட்டினார். "ஏன், நல்லா வாழறது பாவமா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு பேக்கரிக்காரம்மா அடுத்த பொந்துக்குப் போய்விட்டார்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். எனக்கு முதலில் அந்தப் பெண் மேல்தான் ஆத்திரம் வந்தது. பக்கத்தில் வருகிறேன் என்று கல்லில் எழுதி வைத்துவிட்டு இப்படி ஒருவனைத் தனியாகப் போட்டுவிட்டாளே என்று இருந்தது. எல்லாரும் நகர்ந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். அந்தக் கல்லில் அவள் பெயர் எவ்வளவு காலமாக அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது பார். அவள் உயிரோடு இருந்தபோது எப்போதாவது சிரித்துவிட்டால், இந்தக் கல் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டிருப்பாளோ? அப்புறம் எனக்கு வேறு ஒன்று தோன்றியது. மட்டைக்காரியைக் கூப்பிட்டு, "இவனுக்கு அம்மா இல்லையா?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, "இருந்திருப்பாங்கம்மா. கல்லுல எழுதல" என்றாள்.

அவன் போனில் சில நாள் 'மேனேஜர்' என்று வந்து அடிக்கும். உன் பெயரை அவன் அப்படித்தானே போட்டு வைத்திருந்தான். நான் எடுப்பதில்லை. அது எனக்கு வருகிற போன் இல்லை. ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ அவ்வளவு தூரத்தில் இருந்து யாரும் எடுக்காத போனுக்கு அடித்துக்கொண்டிருக்கிறாய், நான் இங்கே அதற்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறோம், மருமகளே.

இப்போதெல்லாம் அது முன்போல அடிப்பதில்லை. முதலில் எனக்கு மனசு கசந்தது. பயணம் போய் வந்த பிறகு கசக்கவில்லை.

இனி கல் விஷயம். கல்காரர் பென்சிலால் கோடு போட்டு உன் பெயருக்கு இடம் குறித்து வைத்திருந்தார். அதை அழிக்கச் சொன்னேன். கீழே என் பெயரை வெட்டச் சொன்னேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, "வழக்கமா சம்சாரம் பேருதானம்மா போடுவாங்க" என்றார். "என் பேரு சின்னப் பேரு, உங்களுக்கும் கை வலிக்காது" என்றேன். சிரித்துவிட்டு வெட்டிவிட்டார். நேற்றுக் கல்லை வைத்தாகிவிட்டது. எழுத்து நன்றாக வந்திருக்கிறது. இனி நீ என்ன கத்தினாலும் அதை அழிக்க முடியாது.

அவன் தனியாகக் கிடக்கிறான் என்று நீ கவலைப்படாதே. சின்ன வயதில் என் பக்கத்தில் படுத்தால்தான் தூங்குவான், காலைத் தூக்கி என் மேல் போட்டுக்கொள்வான். அந்த இடம் என்னுடையது. நீ மூன்று வருஷம் அவனோடு வாழ்ந்ததும், சண்டை போட்டதும், அவனுக்காக அழுததும் போதும். உனக்கு இருக்கிற வயதுக்கு அந்தக் கல்லில் வேலை இல்லை.

என்னைத் திட்ட வேண்டும் என்றால் என் போனுக்கு அடி. அவன் போனை நிறுத்தப் போகிறேன். நல்லா திட்டு, கேட்டுக்கொள்கிறேன். எனக்கு நீ மருமகள் இல்லை என்று ஆகிவிடாது, யாரோடு இருந்தாலும் ஆகாது.

மழைக்காலம் அங்கே ஆரம்பித்திருக்கும். லேபில் கூட வேலை செய்கிறவர் ஒருவர் மழையில் உன்னை வீட்டில் கொண்டுவந்து விட்டதாக ஒருமுறை சொன்னாய். அப்புறம் அவரைப் பற்றி நீ பேச்சே எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். வண்டியை நிதானமாக ஓட்டுவாரா? நேரத்துக்கு வருவாரா? அத்தை விசாரித்ததாக அவரிடம் சொல்.

கடவுள் உன் கூடவே நடக்கட்டும். சளி பிடிக்காமல் தலையைத் துவட்டிக்கொள்.

எப்போதும் உன்
அத்தை