செல்வராஜ் வைத்த காஸ் குப்பி

14.3.1978, செவ்வாய். பசறை.

மெட்ராஸ் சைக்கிள் பந்தயத்துக்கு நாங்கள் இருவரும் புறப்பட்ட அன்று, டயருக்குக் காற்றடிக்கும் காஸ் குப்பியை செல்வராஜ் எனக்குத் தெரியாமல் என் பையில் திணித்துவிட்டான். விமானத்தில் அதை ஏற்றக் கூடாதென்று தெரிந்தே செய்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என்னை நிறுத்தி விசாரித்தார்கள். விமானம் போய்விட்டது. அவன் கோப்பையோடு திரும்பி, குப்பியை வைத்தது தான்தான் என்று சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான்.

இன்று லுணுகலை ரோட்டில், பஞ்சர் ஒட்டிவிட்டுக் காற்றடிக்க வழியில்லாமல் மழையில் நின்றான்.

"அண்ணே, ஒங்க பம்பைக் கொஞ்சம் குடுங்க."

"அன்னைக்கு என் பையில வச்சியே, அந்தக் காஸை அடிச்சுக்க."

ஏறி மிதித்தேன். பசறை வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்திருப்பான். வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதுளைப் பந்தயத்தில் அவன் என் முதுகை மட்டும்தான் பார்க்க வேண்டும்.