பிஸ்கட் கலர், சந்தனக் கலர், ஒரு வெள்ளைத் தாள்

அன்புள்ள சின்னுவுக்கு, அம்மா எழுதுவது. நீ சுகம்தானே, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முழுக்க அப்படி இல்லை, பயப்படாமல் கடைசிவரை படி.

உன் அறைக்கு பெயிண்ட் அடிக்கலாம் என்று ஆரம்பித்தோம். பெயிண்டர் சுவரில் பிஸ்கட் கலரில் ஒரு கட்டம், சந்தனக் கலரில் ஒரு கட்டம் அடித்துவிட்டு, ரெண்டு நாள் பாருங்கம்மா, வெயிலுக்கு ஒரு மாதிரி லைட்டுக்கு ஒரு மாதிரி தெரியும் என்று சொல்லிப் போனார். நானும் டீ டம்ளரோடு போய்ப் போய்ப் பார்த்தேன், காலையில் பிஸ்கட் லேசாகச் சிவக்கிறது, சாயங்காலம் சந்தனம் பச்சை அடிக்கிறது, எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. உன் அப்பாவோ ரெண்டும் ஒண்ணுதான், பெயிண்டர் உன் காதுல பூ சுத்துறான் என்கிறார். முப்பது வருஷமாகத் துணிக்கு நூல் பொருத்தித் தைக்கிற டெய்லருக்கா இது தெரியவில்லை என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. சும்மா இருக்காமல் ரெண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, இது எப்படி என்று கேட்டேன். இதுவும் அதே கலர்தான்டி, எத்தனை தடவை கேப்பே என்று எரிந்து விழுந்தார். அது பேப்பருங்க என்றேன். தொட்டுப் பார்த்தார், ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தார், அப்படியே உன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன மாதம் வெள்ளைச் சட்டையின் பட்டன் துளைக்கு அப்பா மஞ்சள் நூலில் காஜா எடுத்திருக்கிறார் என்று ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தபோது, உங்க கண்ணுதான் சரியில்லை என்று அவரிடம் சண்டைக்குப் போனாரே, நானும் கூடச் சேர்ந்து அந்த மனிதரைத் திட்டினேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ரெண்டு கண்ணிலும் புரை, ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம் என்றார். அப்பா மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். இருக்கிறதும் போச்சுன்னா மெஷின் முன்னால நான் எதுக்கு உட்காரணும் என்று கேட்டார், சின்னு, அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை. நான் பெயிண்டரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்க பார்த்துச் சொன்னாத்தான் பொண்ணு ரூமுக்குப் பெயிண்ட், அதுவரைக்கும் சுவர் இப்படியே கிடக்கட்டும் என்றேன். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் மூன்றாம் நாள் தானே சரி என்றார். வியாழக்கிழமை முதல் கண்ணுக்கு ஆபரேஷன். இன்று பெருக்கப் போனபோது பார்த்தேன், அந்தத் தாளைக் கிழிக்கவில்லை, அதன்மேல் பெரிய எழுத்தில் வெள்ளை என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு கண்ணே. சனிக்கிழமை மறக்காமல் அப்பாவுக்குப் போன் செய். தைரியமெல்லாம் சொல்லாதே, அழுதுவிடுவார். எந்தக் கலர் என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா