கேட்பார் இல்லாத ஊர்

பெரம்பலூர்,
16-6-1946

அன்புள்ள தம்பி சாமிதுரைக்கு அக்கா செங்கமலம் ஆசையோடு எழுதிக்கொள்வது. அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். கோலார் தங்கவயலில் நீயும் சித்தப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். நானும் அப்பாவும் சிதம்பரம் சர்வகலாசாலையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டோம்! என் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் போய்வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அரியலூரிலிருந்து கரி அடுப்புப் புகையில் ஓடும் கரி பஸ். ஜெயங்கொண்டம் தாண்டியதும் அது மூச்சை விட்டுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். டிரைவர் என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, நீங்க உக்காருங்க" என்றார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார்.

அடேயப்பா, எவ்வளவு பெரிய இடம்! எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டடம், சைக்கிள், மரம். புத்தக சாலையை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். என் பள்ளிக்கூடத்துப் புத்தகமெல்லாம் சேர்த்தாலும் அங்கே ஒரு தட்டுக்குக் காணாது. உனக்குப் பதிலாக நானே சேர்ந்துவிடலாமா என்று தோன்றியது, போ!

பி.ஏ.வுக்கும் பழைய காலேஜே போதும் என்று நீ எழுதியிருந்தாய். அது சின்ன இடம், நம் ஊர்ப் பண்ணை வீட்டுப் பையன்கள் நாலு பேர் இருக்கிறார்கள், சிதம்பரத்தில் கேட்பார் யாருமில்லை என்றாய். தம்பி, அந்த நாலு பேர் இருந்த ஹாஸ்டலில் இரண்டு வருஷம் நீ எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

சிதம்பரத்து ஆபீசில் நடந்ததைச் சொல்கிறேன். விவரங்களைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்ன குமாஸ்தா, அப்பாவின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு, "எந்தத் தெரு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அப்பா சட்டென்று தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வராந்தாவிலிருந்து கீழே இறங்கி நின்று, "சேரிங்க, சாமி" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சேரித் தெரு" என்று எழுதிவிட்டு, "போஸ்டாபீஸ் எது? ஏன் பெரியவரே வெயில்ல நிக்கிறீங்க? மேல வாங்க" என்றார். அவர் கேட்டது வெறும் விலாசம்தான், தம்பி!

வெளியே வந்து நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அப்புறம் நாள் முழுக்கச் சுற்றினோம். வழி கேட்டோம், வழி சொன்னார்கள், போய்விட்டார்கள். அங்கே எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் தனிப் பந்தி உண்டா என்று விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. அதை நீ போய்த்தான் பார்க்க வேண்டும். ஆனால் பழைய இடத்தில் எப்படி என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

திரும்பும்போது பஸ்ஸில் உன் கடிதத்தை அப்பாவுக்கு மறுபடி படித்துக் காட்டினேன். "கேக்க ஆளில்லன்னு எழுதியிருக்கானா? அதுக்குத்தான் போவச் சொல்றேன்னு எழுதும்மா" என்றார். அரியலூரில் பஸ் மாறி நம் ஊரில் இறங்கி, பண்ணை வீட்டு வழியாகவே நடந்தோம். துண்டு தோளிலேயே கிடந்தது. மறந்துவிட்டாரோ என்று பார்த்தேன். மறக்கவில்லை.

அம்மா இப்போதே உனக்கு முறுக்குக்கு மாவு இடிக்கிறாள். சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டு அடுத்த ரயிலில் புறப்படு. கேட்பாரற்றுப் போ என்பது நம் ஊரில் சாபம். அதையே உனக்கு வாய் நிறைய ஆசீர்வாதமாகச் சொல்கிறேன். கேட்பாரற்றுப் போய் நன்றாகப் படி, என் ராஜா.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா,
செங்கமலம்