‘மூடுபனிச் சங்கை’த் திருடியது யார்?

செப்டம்பர் 18, 2018, செவ்வாய்

புயலில் பெயர்ந்த ஓடுகளை மாற்ற இன்றும் ஆள் வரவில்லை. வந்தது ஒரு தொலைபேசிதான்.

உபுகதா என்ற அந்த மனிதர். பதிப்புரிமை தீர்ந்த புத்தகங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகப் போடும் தொண்டர் கூட்டத்தைச் சேர்ந்தவர். வசந்தத்தில் ஒருமுறை அழைத்து, என் கணவர் தெய்ஜி எழுதிய ஒரே நாவலை, ‘மூடுபனிச் சங்கை’, போட அனுமதி கேட்டார். முடியாது என்றேன். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. “அப்ப புத்தாண்டு வரைக்கும் காத்திருக்கோம்மா” என்று பணிவாகச் சொல்லி வைத்துவிட்டார். அவர் கணக்கு எனக்கும் தெரியும். தெய்ஜி இறந்தது 1968. எழுதியவர் இறந்து ஐம்பது ஆண்டு முடிந்தால் உரிமை போய்விடும். வரும் ஜனவரி முதல் தேதி அது ஊர்ச் சொத்து.

இன்று என்ன சொன்னார் தெரியுமா? “அம்மா, புத்தகத்தோட படப் பிரதி ஒண்ணு நெட்டுல கிடக்கு. நாங்க போட்டது இல்ல. உங்களுக்குத் தெரியணுமேன்னு சொன்னேன்.”

நான் கேட்பதற்கு முன்பே “நாங்க இல்ல” என்று எதற்காகச் சொல்ல வேண்டும்?

செப்டம்பர் 19, புதன்

வார்டு நூலகத்துக்குப் போனேன். அங்கிருக்கும் பெண் கணினியில் அதைத் திறந்து காட்டினாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, முழுப் புத்தகம். யார் வீட்டு வாசலிலோ நம் துணி காய்வதைப் பார்ப்பது போல் இருந்தது.

“நடுவுல நிழலே விழல பாருங்க. முதுகை வெட்டி, தாள் தாளா ஸ்கேனர்ல விட்டிருக்காங்க. ‘சொந்தச் சமையல்’னு சொல்வாங்களே, அது” என்றாள் அந்தப் பெண், ஏதோ சமையல் குறிப்பு தருவதைப் போல.

சங்கூதும் பையன் முதன்முறை படகில் ஏறும் பக்கம் வந்தது. ஓரத்தில் ஒரு வட்டக் கறை, பழுப்பாக, ஒரு பக்கம் மட்டும் உடைந்து.

அந்தக் கறை எனக்குத் தெரியும். 1967இல் அச்சகத்திலிருந்து முதல் பிரதி வந்த அன்று அவர் தேநீர்க் கோப்பையை விரித்த பக்கத்தின் மேல் வைத்தார். நான் கத்தினேன். “இனிமே இது உலகத்துல ஒண்ணே ஒண்ணு” என்று சிரித்தார்.

ஆக, வெட்டப்பட்டது என் புத்தகம். என் அலமாரியில் இருப்பது.

அதே நாள், பிறகு

அலமாரியில் இருக்கிறது. உறை போட்டு, வைத்த இடத்திலேயே. உறையைக் கழற்றினேன். முதுகு ஓரத்தில் பசை காய்ந்த கோடு. கெட்டிக்காரத்தனமாக ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் பக்கங்களின் ஓரம் ஒரு நூல் குறைந்துவிட்டது; எழுத்துகள் நடு மடிப்பை நெருங்கி, மூச்சுமுட்டி நிற்கின்றன.

என் வீட்டுக்குள் வந்தது யார்?

செப்டம்பர் 21, வெள்ளி

வாரம் இருமுறை வீட்டு வேலைக்கு வரும் தொகிவாவைக் கேட்டேன். நேராகக் கேட்கவில்லை. “அலமாரியைத் துடைக்கறப்ப புத்தகங்களை வெளியில எடுக்கறதுண்டா?” என்று கேட்டேன். அவள் முட்டாள் இல்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

“அம்மா, எனக்குப் படிக்கவே நேரமில்ல. திருடறதுக்கு வேற நேரம் ஒதுக்கணுமா?”

“நான் திருட்டுன்னு சொல்லவே இல்லையே.”

“நீங்க எங்க சொல்வீங்க. உங்க மூக்கு சொல்லுது.”

மீதி நேரம் முழுக்க அவள் குளியலறையை மட்டும் தேய்த்தாள். பயங்கரமாகத் தேய்த்தாள். வந்த வேகத்தில் போனாள். அவளாக இருக்காது என்று தோன்றுகிறது. ஆனாலும் அலமாரியைப் பூட்டினேன்.

செப்டம்பர் 22, சனி

உபுகதா எப்போதாவது இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாரா? இல்லை. அவர் அனுப்பிய ஆள்? எரிவாயு மீட்டர் பார்ப்பவன்? ஓட்டு வேலைக்காரன் இன்னும் வரவே இல்லை. நான் கிறுக்கியாகிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 27, வியாழன்

உறை!

இத்தனை நாள் உள்ளே இருந்ததைப் பார்த்தேனே தவிர, மேலே இருந்ததைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மடிப்பு அது: மூலையைச் சரிவாக வெட்டி, இரண்டு முறை உள்ளே மடித்து, கடைசியில் நகத்தால் ஒரு கீறல். மடிப்பு ஓரம் நேராக இல்லாவிட்டால் மதர் முழுவதையும் பிரித்துப் போட்டுவிடுவார். அழுதுகொண்டே மறுபடி மடிப்போம். என் கை தானாக மடிக்கும் மடிப்பு என்பதால் நான் போட்ட உறை என்றே நினைத்துவிட்டேன்.

ஆனால் இந்தக் காகிதம் மோட்டோமாச்சியில் இருக்கும் இனிப்புக் கடையுடையது. அந்தக் கடையில் நான் வாங்குவதில்லை. அவர்கள் இனிப்புக்குள் வைக்கும் பயறு விழுதில் சர்க்கரை அதிகம்.

அந்தக் கடையில் வாங்குகிறவளும், அந்த மடிப்பு தெரிந்தவளும், என் வீட்டுச் சாவி கையில் இருந்தவளும் ஒருத்திதான்.

மிட்சுயோ.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை. இத்தனை வருஷம்... வேண்டாம். எழுதவில்லை.

அக்டோபர் 2, செவ்வாய்

போனேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவள் அடுக்கு மாடி. கதவைத் திறந்தவுடன் என் முகத்துக்கு மிக அருகில் வந்து பார்த்தாள். இப்போதெல்லாம் அவளுக்கு எதிரில் இருப்பதன் நடுப்பகுதி தெரிவதில்லை. ஓரங்கள் மட்டும் தெரிகின்றன.

“புத்தகத்தை வெட்டினது நீயா?”

“உக்காருடி ஒரியே, முதல்ல. நின்னுக்கிட்டே கோர்ட் நடத்தாத.”

உட்காரவில்லை.

“ஆமாம், நான்தான். நீ இடுப்பு ஆபரேஷனுக்குப் படுத்திருந்தப்ப. செடிக்குத் தண்ணி ஊத்தச் சாவி குடுத்துட்டுப் போனியே.”

“உன் கையாலயே வெட்டினியா?”

“ஸ்கேன் பண்ற கடையில குடுத்தேன். என் கண்ணு இருக்கற அழகுக்கு நானே கத்தி எடுத்தா, புத்தகத்தோட விரலும் சேர்ந்து போயிருக்கும்.”

“கேட்டிருக்கலாமே.”

“கேட்டா என்ன சொல்லியிருப்ப?”

“முடியாதுன்னு.”

“அதான் கேக்கல.”

மேசையில் பலகை மாதிரி ஒரு திரையை நிறுத்தி வைத்திருந்தாள். விரலால் விரித்தாள். ஒவ்வொரு எழுத்தும் ஊறவைத்த பிளம் பழ அளவுக்கு ஆனது. ஒரு வரிக்கு நான்கு எழுத்து. அப்படித்தான் படிக்கிறாளாம்.

சட்டத்தைச் சொன்னேன். தன் கண்ணுக்காகத் தன் கையாலேயே பிரதி எடுத்தால் யாரும் கேட்க முடியாது. கடைக்காரன் கையில் கொடுத்தது தவறு, நீதிமன்றமே சொல்லிவிட்டது. இணையத்தில் போட்டது குற்றம்.

“நெட்டுல நான் போடல. என் பையன் அவன் ஃப்ரெண்டுக்கு அனுப்பிச்சான், அந்த ஃப்ரெண்டு இன்னொருத்தனுக்கு. நல்லாருக்குன்னுதான்டி அனுப்பிச்சாங்க, திட்டியா அனுப்பிச்சாங்க?”

“அவர் புத்தகத்தோட முதுகை வெட்டிட்ட, மிட்சுயோ.”

“ஒட்டிட்டேனே” என்றாள். குரல் இறங்கிவிட்டது.

அழித்துவிடு என்றேன். எப்போதும் மின்தூக்கி வரை வந்து கையசைக்கிறவள், இன்று வரவில்லை.

அக்டோபர் 11, வியாழன்

உபுகதா அழைத்தார். அந்தத் தளத்துக்குப் புகார் எழுதிப் படங்களை எடுக்க வைத்துவிட்டாராம். நன்றி சொன்னேன். இதில் அவருக்கு என்ன லாபம் என்று இன்னும் புரியவில்லை. போட்டிக் கடையை மூட வைத்த சந்தோஷமாக இருக்கலாம்.

அக்டோபர் 16, செவ்வாய்

நேரிலேயே வந்தார். கையில் காஸ்தெல்லா கேக். எழுபது வயது இருக்கும். முன்பு துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதினவராம். சட்டைக் கைப்பட்டி தேய்ந்திருந்தது, ஆனால் கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தது. அந்த அளவுக்கு மதிப்பு கொடுத்தேன்.

தட்டச்சு செய்த பிரதியை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். ஒருவர் அடிக்க, இன்னொருவர் எழுத்து எழுத்தாக மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராம்.

“எந்த மூலம்?” என்று கேட்டேன், சட்டென்று.

“ஹிமேஜி நூலகத்துப் பிரதிம்மா. முத்திரை போட்டது. கிழிஞ்சது. வேணும்னா நூலகத்துக்கே பேசிப் பாருங்க.”

பேசினேன். உண்மைதான்.

அவர் போனபின் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தேன். இந்தக் கூட்டம் எத்தனை பிழை விட்டிருக்கும் என்று பார்க்கத்தான். எட்டாம் அத்தியாயத்தில் ஒரு கால்புள்ளி போயிருக்கிறது. வேறொன்றும் இல்லை. எரிச்சலாக இருந்தது.

அந்தக் காலத்தில் மறுபதிப்பு கேட்டுவந்த பதிப்பாளர் என்ன சொன்னார்? ‘கடைசியில அந்தப் பையன் வீட்டுக்குத் திரும்பி வர்ற மாதிரி மாத்திடலாமே, பிள்ளைங்க அழுவாங்க.’ அவரை வாசலோடு அனுப்பினேன். இவர்கள் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

அக்டோபர் 31, புதன்

செய்தியில் சொன்னார்கள். பசிபிக் கடலோர நாடுகளின் வணிக ஒப்பந்தம் டிசம்பர் 30 அன்று அமலாகிறது. அதோடு பதிப்புரிமை ஐம்பதிலிருந்து எழுபது ஆண்டு. ஒருமுறை தீர்ந்த உரிமை திரும்ப வராது. தீராதவை மட்டும் நீளும்.

தெய்ஜியின் உரிமை தீர இருந்தது டிசம்பர் 31 முடிந்ததும். இரண்டு நாள். இரண்டே நாளில் தப்பிவிட்டது!

விலாங்கு மீன் வாங்கி வந்து சாப்பிட்டேன். தனியாகவே. நன்றாக இருந்தது.

நவம்பர் 6, செவ்வாய்

உபுகதா இப்போது கெஞ்சிக்கொண்டு வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இதில் ஏதோ தந்திரம் இருக்கிறது. நானே அழைத்தேன்.

“வாழ்த்துகள்மா” என்றார். கேலி இல்லை, உற்றுக் கேட்டேன், இல்லை. “பிரதியை மூடி வச்சுட்டோம். அடுத்த தலைமுறை எடுத்துப் போடட்டும். அப்ப நான் இருந்தா எனக்குத் தொண்ணூத்தொண்ணு.”

“ஏன் நீங்க மறுபடி அனுமதி கேக்கல?”

“ஒருத்தர் முடியாதுன்னு சொல்லிட்டா மறுபடி கேக்கறதில்லைன்னு எங்களுக்குள்ள வழக்கம். அது உங்க உரிமை. தொந்தரவு பண்ணக் கூடாது.”

கேட்டால் மறுக்கலாம். கேட்காத மனிதரை என்ன செய்வது?

நவம்பர் 19, திங்கள்

மிட்சுயோவின் மகன் அழைத்தான். அம்மா எனக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று சொன்னாளாம், அவனுக்குப் பொறுக்கவில்லையாம். நான் சொன்னபடி திரையிலிருந்து புத்தகத்தை அழித்துவிட்டாள். இப்போது அந்தத் திரையை எடுப்பதே இல்லை.

“அம்மாவுக்குப் படிக்கப் பிடிச்சது அது ஒண்ணுதான், பெரியம்மா. மத்ததெல்லாம் வானொலியிலயே கேட்டுக்குவேன், இது மட்டும் கண்ணாலதான் படிக்கணும்னு சொல்லுவாங்க.”

அதற்கு நான் என்ன செய்ய? அவன் அனுப்பினதால் வந்த வினை. அவனையும் திட்டினேன்.

மலையிலிருந்து காட்டுப் பன்றி இறங்கி வந்து சாக்கடையோரம் மண்ணைக் கிளறிவிட்டுப் போயிருக்கிறது. எல்லாரும் கிளறுகிறார்கள்.

டிசம்பர் 12, புதன்

வார்டு அலுவலகத்தில் இலவசச் சட்ட ஆலோசனை. போனேன். வக்கீல் சின்னப் பெண், நகம் சுத்தமாக இருந்தது.

எனக்குப் பிள்ளை இல்லை. எனக்கும் தெய்ஜிக்கும் உடன்பிறந்தவர்கள் இல்லை. நான் போனபின் இந்த உரிமை யாருக்கு?

“உயில் எழுதலைன்னா யாருக்கும் இல்லம்மா. வாரிசே இல்லாதவங்க பதிப்புரிமை அதோட மறைஞ்சுடும். அரசாங்கத்துக்குக்கூடப் போகாது. யார் வேணா போட்டுக்கலாம்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே மென்றுகொண்டு வந்தேன். எழுபதாவது வருஷம் என்பதெல்லாம் தாளில் இருப்பது. உண்மையில் ‘மூடுபனிச் சங்கு’ காத்திருப்பது என் சாவுக்காக. உபுகதாவுக்கு இது தெரிந்திருக்கும். அதனால்தான் அவசரமில்லாமல் இருக்கிறாரா?

என் மூச்சு நிற்பதற்காக எவரும் காலண்டர் பார்க்க வேண்டாம். அந்த அவமானம் எனக்கு வேண்டாம்.

டிசம்பர் 13, வியாழன்

அந்த அவமானம் ஒன்றுதான் காரணமா, ஒரியே? நேர்மையாக எழுது.

எழுத்துகள் ஊறவைத்த பிளம் அளவு. ஒரு வரிக்கு நான்கு.

டிசம்பர் 30, ஞாயிறு

சட்டம் இன்று அமல். இன்று முதல் ஐயத்துக்கு இடமில்லாமல் புத்தகம் என்னுடையது. ஆகவே இன்றுதான் உபுகதாவை அழைத்தேன். நேற்று அழைத்திருந்தால் தோற்றதாகியிருக்கும்.

“போட்டுக்கங்க” என்றேன்.

“அம்மா?” என்றார்.

“நிபந்தனை உண்டு. ஒரு சொல் மாறக் கூடாது. படம் சேர்க்கக் கூடாது. எட்டாம் அத்தியாயத்துல ஒரு கால்புள்ளி விட்டிருக்கீங்க.”

“விட்டிருக்கோமா!” என்றார். உண்மையிலேயே வருந்தினார்.

“எழுத்தைப் பெருசு பண்ணிப் படிக்க முடியுமா? ரொம்பப் பெருசா?”

“தட்டச்சுப் பிரதிம்மா. படம் மாதிரி வரி திரைக்கு வெளியில ஓடாது. எவ்வளவு பெருசாக்கினாலும் தானா மடிஞ்சு அடுத்த வரிக்கு வந்துடும்.”

அழுதாரோ என்று சந்தேகம். ஜலதோஷமாகவும் இருக்கலாம்.

ஜனவரி 7, 2019, திங்கள்

இந்த நாளுக்கென்று வழக்கமாக வைக்கும் ஏழு கீரைக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றும்போது தொலைபேசி அடித்தது. எடுத்தேன். வணக்கம் இல்லை, வாழ்த்து இல்லை. யாரோ நேராக எட்டாம் அத்தியாயத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. கால்புள்ளி இருந்த இடத்தில் மிட்சுயோ நிற்காமல் போனாள்.

“அங்க நிறுத்திப் படிக்கணும்” என்றேன்.

“எங்க?”

“‘பனி இறங்கிச்சு’க்கு அப்புறம்.”

திரும்பப் படித்தாள். இந்த முறை நின்றாள். பள்ளிக்கூடத்தில் வாசிப்புப் போட்டி என்றால் வருஷா வருஷம் பரிசு வாங்கினவள். அவளுக்கா எங்கே நிறுத்துவது என்று தெரியாது? வேண்டுமென்றேதான் தப்பாகப் படித்தாளா?

கேட்கவில்லை. அவள் அத்தியாயம் முடிக்கும் வரை தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். கஞ்சி ஆறிப்போயிருந்தது. சூடுபண்ணாமல் அப்படியே சாப்பிட்டேன்.