ஹால்வார் மறந்துவிட்டுப் போன மண்வாரி

குன்வோர்,

முழங்கால் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டி மேசைமேல் இருக்கிறது. ஆரஞ்சு உனக்கு மட்டும்.

உங்கள் பனிச்சறுக்குக் கூட்டத்துத் தலைவர் ஹால்வார், "பனி என்கிட்ட பேசும், குன்வோர்" என்று போனவாரம் நம் காரில் அளந்தபோது நீ சிரித்த மாதிரி என்னிடம் சிரித்து எத்தனை வருஷம்! அவ்வளவு பேசுகிற பனி, "மண்வாரியைக் காரிலேயே விட்டுட்டுப் போறியேடா" என்று மட்டும் சொல்லவில்லை.

அதை ஒளித்து வைக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மலைச்சரிவில் பனி உன்னை மூடினால் தோண்டப் போகிறவன் அவன்தான், நான் இல்லை. வாசலில் சாய்த்து வைத்திருக்கிறேன். இன்றைக்கு மலைக்குப் போகும்போது மறக்காமல் கொடுத்துவிடு.

ஆஸ்பியோர்ன்

பி.கு.: பனியில் புதைந்தால் இடம் காட்டுமே, நீ நெஞ்சில் மாட்டும் தேடுகருவி, அதற்குப் புது பேட்டரி போட்டிருக்கிறேன். கிளம்புமுன் ஒருவருடையதை மற்றவர் சரிபார்ப்பது வழக்கம், தெரியும். உன்னுடையதை ஹால்வார் பார்க்க வேண்டாம்; கூட வருகிற அவன் பெண்டாட்டி பார்க்கட்டும்.